ஏலமலை வீராங்கனை

மதுரைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். மூன்று புறமும் மலைகள் சூழ்ந்த இவ்வூருக்கு ஏலக்காயே பெருமை தேடித் தந்தது. மலையில் விளையும் ஏலக்காய் மூட்டை மூட்டையாக இங்கே இறங்கும்; தரம் பிரிக்கப்பெறும்; ஏலத்தில் விலை போகும்; பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்லும். விடியற்காலையில் இவ்வூர்த் தெருக்களில் நின்று பார்த்தால், தலையில் துணி கட்டிய பெண்கள் கையில் சோற்றுப் பாத்திரத்துடன் ஜீப் வண்டிகளில் ஏறி மலைத் தோட்டங்களுக்கு விரைவதைக் காணலாம். மாலையில் அவர்கள் களைத்துத் திரும்புவர். மறுநாள் மீண்டும் ஏறுவர்.

ஏலச்செடி பொறுமையைச் சோதிக்கும் பயிர். வெயிலை நேராகத் தாங்காது; பெருமரங்களின் நிழலில், ஈரம் மாறாத மண்ணில்தான் வளரும். நட்ட உடனே அது பயன் தருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்த பின்னரே, செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரங்களில் காய் காய்க்கும். அவையும் ஒருங்கே முதிர்வதில்லை. முதிர்ந்தவற்றை மட்டும் குனிந்து தேடிப் பறித்தல் வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். நெடுநாள் உழைப்பு ஒரு சிறு மணத்தில் வந்து முடிகிறது. இந்த மலையில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்வும் அத்தகையதே.

போடியிலிருந்து மேற்கே செல்லும் சாலை பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கு அப்பால் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. எல்லை மாறினாலும் மலை மாறுவதில்லை, அங்கும் ஏலத்தோட்டங்களே. பூப்பாறை, இராசகுமாரி ஆகிய ஊர்களைத் தாண்டிச் சென்றால் இராசாக்காடு வரும். அதனை அடுத்த முல்லக்கானம் என்னும் சிற்றூரில் 1982ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் பிறந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். ஆசியாவின் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுள் முதலிடம் பெற்றவர் அவர்.

பிரீஜா இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. தாயும் தமையனும் உழைத்து வீட்டைக் காத்தனர். விளையாட்டு, செல்வர்க்கு உரிய பொழுதுபோக்கு என்று கருதப்படும் இடத்தில், அச்சிறுமி ஓட்டத்தை வாழ்வின் வழியாகவே கொண்டார். பள்ளிப் பருவத்தில் தொடங்கிய பயிற்சி, பாலா என்னும் ஊரிலுள்ள அல்போன்சா கல்லூரியில் வளர்ந்தது. பின்னர் இரயில்வே துறையில் அவருக்குப் பணி கிடைத்தது. இந்திய அணியில் இடம் பெற்றபோது, பெலாருசு நாட்டைச் சேர்ந்த நிக்கோலாய் சினெசரெவ் என்னும் பயிற்சியாளர் அவருக்கு வழிகாட்டினார்.

அவர் தேர்ந்த போட்டிகளுள் தலையாயது 10,000 மீட்டர் ஓட்டம். ஒரு சுற்று 400 மீட்டர் கொண்ட ஓடுபாதையில் இருபத்தைந்து முறை சுற்றி வருதல் வேண்டும். இதில் வெற்றி பெற வேகம் மட்டும் போதாது. ஓடுபவரின் தசைகளுக்குப் பிராணவாயு இடைவிடாது தேவை. மூச்சு அதனை உள்ளிழுக்கிறது. குருதி சுமந்து செல்கிறது. இதயம் அக்குருதியை உந்துகிறது. தொடக்கத்திலேயே அளவு மீறி விரைந்தால் பிராணவாயு போதாமற்போகும். தசைகள் விரைவில் சோர்ந்துவிடும். மிக மெதுவாக ஓடினாலோ மற்றவர் முந்திச் சென்றுவிடுவர். ஆகவே, தன் ஆற்றலைத் தானே அளந்து, சுற்றுக்குச் சுற்று பங்கிட்டுச் செலவிடும் அறிவு வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும் வலிமை பெறுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இவை சில நாட்களில் நிகழ்வன அல்ல.

இக்கலையில் உலகிற்கு வழிகாட்டிய நாடு பின்லாந்து. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டம் முதன்முதலாக நடைபெற்றபோது, அந்நாட்டைச் சேர்ந்த ஹான்னஸ் கோலெமைனன் தங்கம் வென்றார். அவருக்குப் பின் வந்த பாவோ நூர்மி 1920 முதல் 1928 வரை நடந்த மூன்று ஒலிம்பிக்குகளில் ஒன்பது தங்கப் பதக்கங்களைப் பெற்றார். அவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரத்தைப் பார்த்தவாறே ஓடுவார். எதிராளியைவிடக் காலத்தோடு போட்டியிடுவதே அவர் முறை. 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் லாசே வீரன் என்னும் பின்லாந்து வீரர் ஓட்டத்தின் நடுவே தடுக்கி விழுந்தார், எழுந்தார், ஓடினார், உலக சாதனையுடன் தங்கமும் வென்றார். நெடுந்தொலைவு ஓட்டம் கற்பிக்கும் பாடம் இதுவே.

அப்பாடத்தைப் பிரீஜாவும் கற்கவேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டு தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் ஓடினார், பதக்கமின்றித் திரும்பினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் இருபத்தைந்தாம் இடமே கிடைத்தது. அன்று தங்கம் வென்ற எத்தியோப்பிய வீராங்கனை திருநேஷ் திபாபா, பிரீஜாவைவிட இரண்டு நிமிடங்களுக்கும் மேலாக முன்னே இருந்தார். வெற்றி பெற்றோர் மகிழும் வேளையில் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது எளிதன்று. அங்கேயே மனம் தளர்ந்து பாதையை விட்டு விலகியோர் பலர். பிரீஜா விலகவில்லை. மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்தார்.

2010ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள், சீன நாட்டின் குவாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரீஜா 10,000 மீட்டர் ஓட்டத்தை 31 நிமிடம் 50.47 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இவ்வோட்டத்தில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவரை அடுத்து இரண்டாவதாக வந்தவரும் இந்தியரே. மகாராட்டிரத்தைச் சேர்ந்த கவிதா ராவுத் 31 நிமிடம் 51.44 வினாடியில் வந்து வெள்ளி பெற்றார். இக்கணக்கைச் சற்று நோக்குக. இருபத்தைந்து சுற்றுகளையும் பிரீஜா சராசரியாகச் சுற்றுக்கு எழுபத்தாறரை வினாடிக்குள் ஓடியிருக்கிறார். அவருக்கும் கவிதாவுக்கும் இடையே இருந்த காலம் ஒரு வினாடிக்கும் குறைவு. பத்துக் கிலோமீட்டர் ஓடிய பின், இருவர்க்கும் நடுவே இருந்த தொலைவு ஏறத்தாழ ஐந்து மீட்டரே!

ஐந்து நாள் கழித்து, அதே அரங்கில் 5,000 மீட்டர் ஓட்டம் நடைபெற்றது. நெடிய ஓட்டத்தின் அலுப்பு முற்றிலும் நீங்குமுன் பிரீஜா மீண்டும் களம் இறங்கினார். பகுரைன் நாட்டின் மிமி பெலெடெ 15 நிமிடம் 15.59 வினாடியில் முதலாவதாக வந்தார். பிரீஜா எடுத்துக்கொண்ட காலம் 15 நிமிடம் 15.89 வினாடி. ஒரு வினாடியைப் பத்துக் கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறே வேறுபாடு. அதனால் தங்கம் கை நழுவி வெள்ளியாயிற்று. எனினும், அவ்வோட்டமும் இந்திய நாட்டின் புதிய சாதனையாக அமைந்தது. 2023ஆம் ஆண்டில் பாருல் சௌத்ரி அதனை முறியடிக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது நிலைத்து நின்றது. 2011ஆம் ஆண்டில் பிரீஜாவுக்கு அர்ச்சுனா விருது வழங்கி அரசு சிறப்பித்தது.

இம்மலை தந்த வீரர் பிரீஜா ஒருவர் மட்டும் அல்லர். அதே இடுக்கி மாவட்டத்தின் கொம்பொடிஞ்ஞால் என்னும் ஊரில் பிறந்த கே. எம். பீனாமோள், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதி வரை சென்றார். 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கமும், 400 மீட்டரில் வெள்ளியும் வென்றார். அவருடைய தம்பி கே. எம். பினு அதே பூசானில் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். 2004ஆம் ஆண்டு ஏதென்சில் 400 மீட்டரை 45.48 வினாடியில் ஓடி, தேசிய சாதனை படைத்தார்.

மலையில் பிறந்ததனால்தான் இவர்கள் வென்றார்கள் என்று சிலர் கூறுவர். உயர்ந்த இடங்களில் காற்று அடர்த்தி குறைந்திருக்கும். அங்கே வாழ்வோர்க்குக் குருதியில் சிவப்பணுக்கள் பெருகும் என்பது உண்மையே. ஆனால், அப்பயன் மிகுதியாகக் கிட்டுவது ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில்தான். ஏலம் விளையும் சரிவுகளிற் பெரும்பாலானவை அவ்வளவு உயர்ந்தவை அல்ல. மலையில் பிறந்தோர் ஆயிரக்கணக்கானோர். வெற்றி மாலை சூடியோர் சிலரே. ஆகவே, காற்று மட்டும் அவர்களை வெல்லச் செய்யவில்லை. ஏறினால்தான் வீடு, இறங்கினால்தான் கடை என்னும் வாழ்க்கை கால்களுக்கு உரம் ஊட்டியிருக்கலாம். அவ்வுரத்தை வெற்றியாக்கியது நாள்தோறும் தளராது செய்த பயிற்சியே.

குவாங்சோ அரங்கில் மக்கள் கண்டது முப்பத்திரண்டு நிமிடங்களுக்கும் குறைந்த ஓட்டம். அதற்குப் பின்னே, தந்தையற்ற வீட்டின் துயரும், தாய் தமையன் சிந்திய வியர்வையும், தோகாவின் ஏமாற்றமும், பெய்ஜிங்கின் பின்னடைவும், எண்ணற்ற விடியற்காலைகளும் இருந்தன. அவற்றை யாரும் கடிகாரம் கொண்டு அளக்கவில்லை. போடியின் வீதிகளில் வீசும் ஏலக்காய் மணத்தை அனைவரும் நுகர்கின்றனர். நிழலில் குனிந்து காய் பறித்த கைகளை நினைப்போர் சிலரே. அவ்வாறே, பதக்கத்தைப் பாராட்டுவோர் அதற்கு முந்திய ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணுவோர்க்குப் பிரீஜாவின் வாழ்க்கை நல்லதொரு பாடமாகும்.