மின்னூல் கருவி: எதை வாங்குவது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பாடநூல்களைக் கைப்பேசியில் படித்துப் படித்து இரவில் கண் எரியும். அதைப் பார்த்த அம்மா, தாம் கட்டிய சீட்டை எடுத்து, "படிக்கிறதுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். அந்தப் பணம் வீணாகக் கூடாதே என்ற கவலையோடு நான் தேடி அறிந்தவற்றை நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

மின்னூல் கருவியின் திரை கைப்பேசித் திரையைப் போன்றதன்று. அதனுள் தலைமயிரின் தடிமனே உள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. இவை எதிரெதிர் மின்னூட்டம் பெற்றவை. மின்புலம் மாறும்போது வெண்துகள் மேலே வந்தால் அவ்விடம் வெள்ளை. கருந்துகள் மேலே வந்தால் எழுத்து! பக்கத்தைப் புரட்டும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. ஆகவேதான் ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்கள் தாங்குகிறது. 2004-இல் சோனியின் 'லிப்ரியே', 2007-இல் அமேசானின் 'கிண்டில்' ஆகியவை இம்முறையில் வந்தன.

சரி, எதை வாங்குவது? மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, அளவு. ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ. நாம் படிக்கும் பிடிஎஃப் பக்கமோ பெரும்பாலும் 21 செ.மீ. அகல ஏ-4 தாள். அதை முழுதாகத் திரைக்குள் அடக்கினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். 10.3 அங்குலத் திரையில் அதுவே 8 புள்ளியாகத் தெரியும். ஈபப் வகை நூலுக்கு இத்தொல்லை இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, தமிழ். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் வரவேண்டும். சில கருவிகளில் இவை இடம் மாறி நிற்கும். மதுரைத் திட்டத்தின் இலவச நூல் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மூன்றாவது, உரிமை. 2009-இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய நூலையே அவர்கள் கிண்டிலிலிருந்து அழித்தது. நம்மிடமுள்ள கோப்புகளை நாமே ஏற்றிப் படிக்கும் வசதி உண்டா என்று கேட்டறிதல் நலம்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் தம் ஆறு அங்குலக் கருவியை ஒருநாள் இரவல் தந்தார். தமிழ்க் கதை படிக்க அமுதமாய் இருந்தது. ஆனால் என் ஒளியியல் பாடக்குறிப்பைத் திறந்தேன். சமன்பாடுகள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன! பெரிய கருவிக்கோ சீட்டுப் பணம் போதாது.

ஆகவே நான் எதையும் வாங்கவில்லை. பணத்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். இப்போது மாலை ஐந்து மணி வரை கல்லூரி நூலகத்தில் என்னைக் காணலாம். கதை, கட்டுரை படிப்போர் சிறிய கருவியைத் தயங்காமல் வாங்கலாம். பாடநூலே முதல் தேவை என்போர் பெரியதை வாங்கும் வரை பொறுத்திருக்கலாம். தேவையை அளந்தபின் பொருளை வாங்குவதே அறிவியல் மாணவர்க்கு அழகு!