கடலடியில் ஒரு நிமிடம்

1906ஆம் ஆண்டு மன்னாரின் மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, இளம் அதிகாரியாக இருந்த லெனாட் வூல்ஃப் அங்கே கடமைக்கு வந்தார். ஆள் அரவமற்ற மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு பட்டினமே முளைத்துவிடும் காலம் அது. சுழியோடிகள் கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தோடு ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்குவார்கள். அவர்களுள் அரபிகளின் மூக்கில் கொம்பால் செய்த கவ்வி இருக்கும். சிப்பி பொறுக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்.

உயிரியல் படிப்பித்த எனக்கு அங்கே முத்தைவிட அந்த ஒரு நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது. மூக்கும் வாயும் மூடியிருந்தாலும், காலையில் தின்ற சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாகி உடம்பின் கலங்களுக்குள் உடைந்துகொண்டேதான் இருக்கிறது.

முதல் உடைப்புக்கு ஒட்சிசன் வேண்டியதில்லை. ஆறு காபன் கொண்ட குளுக்கோசு, மூன்று காபன் கொண்ட இரண்டு பைரூவிக்கமிலத் துண்டுகளாகும். கலத்தின் கைச்செலவுக் காசான ஏ.ரி.பி.யில் இதனால் மிஞ்சுவது இரண்டே மூலக்கூறுகள். மிச்சமெல்லாம் இழைமணிக்குள் நடக்கிறது. அங்கே காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகக் கழிய, பிடுங்கப்பட்ட இலத்திரன்கள் உள்மென்சவ்வில் வரிசையாக உள்ள புரதங்களினூடே கைமாறிச் செல்கின்றன. அந்தச் சக்தியால் ஐதரசன் அயன்கள் மென்சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்கப்படுகின்றன. கட்டுக்கரைக்குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் பாய்வதுபோல, அவை ஒரு சுழலும் நொதியத்தின் வழியே திரும்பப் பாயும்போது ஏ.ரி.பி. உருவாகிறது. 1961இல் பீற்றர் மிச்செல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குளுக்கோசிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 30 ஏ.ரி.பி. கிடைக்கிறது.

ஒட்சிசனுக்கு இதில் கடைசி வேலைதான்: களைத்து வரும் இலத்திரன்களை ஏந்தி நீராவது. ஏந்த ஆளில்லாவிட்டால் வரிசை முழுவதும் அடைபட்டுப் போகும்.

சுழியோடியிடம் அந்த ஒரு நிமிடத்துக்குப் போதிய ஒட்சிசன் நுரையீரலிலும் ஈமோகுளோபினிலும் தசையின் மயோகுளோபினிலும் இருக்கிறது. சங்கு குளித்த என் மாமா, கூட வரும் பெடியன்களுக்கு "நெஞ்சு முட்டினா ஏறிடு தம்பி" என்பார். அந்த முட்டல் பெரும்பாலும் ஒட்சிசன் குறைந்ததால் வருவதல்ல. காபனீரொட்சைட்டு கூடி இரத்தம் அமிலமாவதை மூளை உணர்ந்து கொடுக்கும் அறிவிப்பு. இதை ஏமாற்றப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. இறங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். ஒட்சிசன் பெரிதாக அதிகரிக்காது. அறிவிப்பு பிந்தும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்தால், ஆள் முட்டலை உணராமலே தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்.

ஒட்சிசன் போதாத தசை பைரூவிக்கமிலத்தை இலற்றிக்கமிலமாக்கிச் சமாளிக்கும். பலர் நினைப்பதுபோல அது வெறும் கழிவல்ல. இதயம் அதை எரித்துக்கொள்ளும், ஈரல் அதிலிருந்து திரும்பவும் குளுக்கோசு செய்யும்.

மன்னார்த் தீவின் பனைகளில் கட்டிய முட்டிகளிலும் இதே முதல் உடைப்புத்தான். மதுவம் பைரூவிக்கமிலத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதால் கள்ளு நுரைக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் மதுவம் அடங்கும். கருப்பநீர் இனிப்பாகவே இறங்கும். மதுவத்துக்குக் கிடைப்பதும் அந்த இரண்டு ஏ.ரி.பி.தான். குளுக்கோசிலிருந்த சக்தியின் பெரும்பங்கை அது மதுசாரத்திலேயே விட்டுவிடுகிறது. சாராயம் தீப்பற்றி எரிவதும், ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கிலோகலோரி இருப்பதும் அதனால்தான்.