பெரிய கணக்கு ஃபைலைப் பிரிப்பது எப்படி?



இன்று சிறிய மளிகைக் கடையிலும் கம்ப்யூட்டரில் பில் போடுகிறோம். ஒரு சரக்குக்கு ஒரு வரி என்று விழுந்தால், சில ஆண்டுகளில் பல லட்சம் வரிகள் சேர்ந்துவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் மண்டியின் பழைய விற்பனைக் கணக்கு முழுவதையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து எக்செலில் திறந்தோம். கூட்டிப் பார்த்தால், பேரேட்டுத் தொகையைவிட மிகவும் குறைந்தது. நெடுநாள் எங்களிடம் உழைத்த கணக்குப்பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துவிட்டோம். குற்றம் அவருடையதல்ல. எக்செலில் ஒரு தாள் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மீதி வரிகள் ஏறவேயில்லை. வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் பொத்தானை அழுத்தியவர்கள் நாங்களே.

இதற்கு வழி, ஃபைலைத் துண்டுகளாகப் பிரிப்பது. அதற்கு ஏற்றது பெர்ல் என்னும் கம்ப்யூட்டர் மொழி. அமெரிக்காவின் லாரி வால் 1987-இல் வெளியிட்டது, விலை கிடையாது.

மூட்டையை யாரும் அப்படியே தராசில் கவிழ்ப்பதில்லை. வாயை அவிழ்த்து, படிபடியாக அளந்து, சிறு பைகளில் போடுகிறோம். பெர்லும் அப்படியே ஒரு வரியைப் படிக்கும், எழுதும், அடுத்த வரிக்குப் போகும். ஆகவே ஃபைல் எத்தனை ஜிபி ஆனாலும் பழைய கம்ப்யூட்டரே போதும். முழு ஃபைலையும் முதலில் நினைவகத்தில் ஏற்றும்படி எழுதினால் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும்.

புரோகிராம் எழுதுபவரிடம் நாம் சொல்ல வேண்டியவை:

1. வரி முடியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். பைட் அளவு பார்த்து வெட்டினால் தொகை பாதியில் அறுந்துபோகும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆவதால் எழுத்தும் சிதையும்.

2. ஐந்து லட்சம் வரிகள் ஆனதும், பில் எண் மாறும்வரை பொறுத்து அடுத்த ஃபைலைத் திறக்க வேண்டும். அப்போதுதான் ஒரே பில் இரண்டு இடத்தில் சிதறாது.

3. தலைப்பு வரி ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும்.

4. மூல ஃபைலைப் படிக்க மட்டுமே செய்யலாம். அதன்மேல் எழுதக் கூடாது.

கடைசியாகச் சரிபார்ப்பு. துண்டுகளின் வரிகளைக் கூட்டி, கூடுதல் தலைப்பு வரிகளைக் கழித்தால் மூலத்தின் வரி எண்ணிக்கை வர வேண்டும். ரூபாய்க் கூட்டலும் ஒத்துவர வேண்டும். எங்களுக்குப் பைசா பிசகாமல் வந்தது. அன்றே கணக்குப்பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்தோம்.

ஆளைச் சந்தேகிக்கும் முன் வரிகளை எண்ணிப் பார்ப்போம்.