காருக்கு 15 வயசு ஆகப்போகுதா? வெயில் ஊரில் வண்டி நீண்ட நாள் உழைக்க சில எளிய வழிகள்!

கார் வாங்கிய அன்று சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஊரெல்லாம் சுற்றி வருவோம். அன்றைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியை மாதாமாதம் காட்டினாலே போதும், கார் நம்மைக் கைவிடாது.

சொந்த உபயோக கார்களுக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதன்பிறகு தகுதிச் சோதனையில் தேறினால், 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. கடன் கட்டி முடித்து நிம்மதியாக ஓட்டும் காரை அந்தச் சோதனையில் தேற வைப்பது, இத்தனை வருஷம் செய்த பராமரிப்புதான்.

கூலன்ட்

கள்ளழகர் வண்டியூருக்கு வரும் சித்திரை மாதத்தில் வெயிலும் உச்சம், நெரிசலும் உச்சம். ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று கிடைக்காது. இன்ஜினைக் குளிர வைக்கும் வேலை முழுக்க கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன் மீது விழும். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது தவறு. அதிலுள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

ஆயில், ஏர் ஃபில்டர்

சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பல கார்களுக்கு 10,000 கி.மீ அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். ரிங் ரோடு பக்கம் தினமும் புழுதியில் ஓட்டுபவர்கள் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது நல்லது.

டயர், பேட்டரி

மாதம் இருமுறை, டயர் சூடாகும் முன்பே காற்று பார்க்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயர் பட்டையின் ஆழம் 1.6 மி.மீ-க்குக் கீழே போனால் டயரை மாற்றியாக வேண்டும். பேட்டரிக்கு வெயில்தான் பெரிய எதிரி. நிழலில் நிறுத்துங்கள். காரை எடுக்காமலே வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

பிரேக்

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அதனால் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் போடும்போது 'கிரீச்' என்று சத்தம் தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். தேய்ந்த பேடோடு ஓட்டினால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். செலவு பல மடங்காகும்.

48 லட்சம் கிலோமீட்டர்!

அமெரிக்காவின் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர், 1966-ல் வாங்கிய வோல்வோ காரை 2013-க்குள் 30 லட்சம் மைல் ஓட்டி கின்னஸ் சாதனை படைத்தார். ஏறத்தாழ 48 லட்சம் கி.மீ! அவர் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனி தந்த கையேட்டில் சொன்னபடி, ஆயிலைத் தவறாமல் மாற்றினார்.

அந்தக் கையேடு உங்கள் காரின் டேஷ்போர்டிலும் தூங்கிக்கொண்டிருக்கும். அதிலுள்ள சர்வீஸ் தேதிகளை இன்றே மொபைல் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். சர்வீஸ் பில்களையும் பத்திரப்படுத்துங்கள்; நாளைக்கு விற்க நினைத்தாலும் நல்ல விலை கிடைக்க அவை கைகொடுக்கும்.