சம்பளம் ஏறினதும் கேமரா வாங்கலாமா? சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-க்கு ஒரு கணக்கு

நம்ம வீடியோ பார்க்கிற தம்பி ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். "அண்ணா, சம்பளம் 45,000. ஃபோட்டோகிராஃபி ரொம்பப் பிடிக்கும். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஐ நோ காஸ்ட் இஎம்ஐ-ல எடுக்கலாமா?" இதே கேள்வி உங்களுக்கும் இருக்கலாம். அதனால முதல்ல கேமராவைப் பார்ப்போம், அப்புறம் பணத்தைப் பார்ப்போம்.

இது 2019-ல வந்த மாடல். 20 மெகாபிக்சல், எடை சுமார் 300 கிராம், பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கலாம். சென்சார் "1 இன்ச்"னு சொல்வாங்க. அதை நம்பி ஸ்கேல் வெச்சு அளந்துடாதீங்க, உண்மையான அளவு 13.2 x 8.8 மில்லிமீட்டர்தான். பழைய வீடியோ கேமரா டியூப் காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. பெரிய கேமராக்கள்ல வர்ற ஏபிஎஸ்-சி சென்சாரோட பரப்பு இதைவிட சுமார் 3 மடங்கு.

முக்கியமான விஷயம் என்னன்னா, ஷாவ்மி 14 அல்ட்ரா மாதிரி சில போன்கள்லயே மெயின் கேமராவுக்கு இப்போ இதே 1 இன்ச் வகை சென்சார் வந்துடுச்சு. அதனால பகல்ல ஜூம் இல்லாம எடுக்கிற படத்துக்காக இதை வாங்கினா, நல்ல போன் வெச்சிருக்கிறவங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்போ காசு எதுக்குப் போகுது? 24-ல இருந்து 200 எம்எம் வரைக்கும் போற நிஜமான ஆப்டிகல் ஜூமுக்கு. மேல எழும்பி வர்ற வ்யூஃபைண்டருக்கு. விநாடிக்கு 20 படம் எடுத்துக்கிட்டே ஓடுற குழந்தையை விடாம பிடிக்கிற ஆட்டோஃபோகஸுக்கு. மேடைக்குப் பத்து வரிசை பின்னாடி உட்கார்ந்து அக்கா பொண்ணோட டான்ஸை எடுக்கணும்னா இது கை கொடுக்கும்.

குறையும் இருக்கு. லென்ஸ் எஃப் 2.8-ல ஆரம்பிச்சு முழு ஜூம்ல எஃப் 4.5 ஆகிடும். மங்கலான கல்யாண மண்டபத்துல ஐஎஸ்ஓ ஏறும், படத்துல புள்ளி புள்ளியா வரும். ஒரு சார்ஜுக்கு சுமார் 260 படம்தான், கூடுதல் பேட்டரி இல்லாம டூர் போக முடியாது. சார்ஜிங்குக்கு இன்னும் மைக்ரோ யுஎஸ்பி. இந்த விலைக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

இப்போ பணம். விலை கடைக்குக் கடை மாறும், கணக்குக்கு 90,000-னு வெச்சுப்போம். 12 மாசம், மாசம் 7,500. "நோ காஸ்ட்"னா வட்டியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. வட்டி அளவுக்குக் கடைக்காரர் தள்ளுபடி தர்றார், பேங்க் வட்டி போடத்தான் செய்யுது. 15 சதவீதம்னா வட்டி சுமார் 6,900. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 1,240, உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீ 199-ன்னா வரியோட 235. மொத்தம் கிட்டத்தட்ட 1,475 ரூபாய் கூடுதல்.

1,475 பெரிய தொகை இல்லைன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சில வருஷம் முன்னாடி நானும் ஒரு கேமராவை இஎம்ஐ-ல எடுத்தேன். நாலாவது மாசம் அம்மாவுக்கு திடீர்னு ஆபரேஷன், அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்க. சேவிங்ஸ்ல 11,000 இருந்துச்சு. கேமராவைப் பாதி விலைக்குக் கொடுத்துட்டு வந்தேன். அப்புறமும் எட்டு மாசம் இல்லாத கேமராவுக்கு இஎம்ஐ கட்டினேன். அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

அதனால தம்பிக்கு நான் எழுதினது இதுதான்: ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டும், வீட்டுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸும் இருக்கா? இல்லைன்னா கேமரா அதுக்கு அப்புறம்தான். இருந்தா, அதே 7,500-ஐ ஆர்டி-ல போடுங்க. 6.5 சதவீதம் கிடைச்சா வருஷக் கடைசியில சுமார் 3,200 வட்டி சேரும், பேட்டரிக்கும் மெமரி கார்டுக்கும் ஆகும்.

இன்னொரு கணக்கும் போடுங்க. 3 வருஷம் கழிச்சு 45,000-க்கு வித்தீங்கன்னா, உங்களுக்கு ஆன செலவு 45,000. மாசம் 1,250. மாசம் ரெண்டு நாள் வெளியே எடுத்தா, ஒரு நாளைக்கு 625 ரூபாய். உங்க ஊர்ல ஒரு நாள் வாடகை எவ்வளவுன்னு கேட்டு இதோட ஒப்பிட்டுப் பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பீங்கன்னா, வாடகையே போதும்.

நான் இந்த தடவை அப்படித்தான் செஞ்சேன். ஒரு சனிக்கிழமை வாடகைக்கு எடுத்துக்கிட்டு வேடந்தாங்கல் போனேன். பறவைக்கு 200 எம்எம் பத்தவே பத்தாது, கூழைக்கடாவெல்லாம் வெள்ளைப் புள்ளியாதான் வந்துச்சு. ஆனா வாட்ச் டவர்ல நின்னு அம்மா பைனாகுலர்ல பார்த்துக்கிட்டிருந்ததை தூரத்துல இருந்து அவங்களுக்கே தெரியாம எடுத்தேன். அந்தப் படம் இப்போ ஹால்ல மாட்டியிருக்கு. ஆர்டி முடிய இன்னும் 4 மாசம் இருக்கு.