பேராயர் நியூபிகின் கண்ட இருவகை இறைமறுப்பு

இறைமறுப்பு என்றதும் அதனை ஒரே நோயாகக் கருதி, ஒரே மருந்தை ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வது சமய அறிஞர்களிடையே நெடுநாளாக ஊறிய வழக்கமாகும். நமது அரபுக் கல்லூரிகளின் கலாம் பாடமும் இதற்கு விலக்கன்று. சென்னையில் பேராயராகப் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் (1909–1998) என்னும் ஆங்கிலேயரின் சிந்தனைகளைப் படிக்கும்போது அவ்வழக்கம் எவ்வளவு போதாமை உடையது என்பது புலப்படுகிறது.

பள்ளிப் பருவத்தின் முடிவில் நம்பிக்கையை இழந்திருந்த அவர், கேம்பிரிட்ஜில் பயிலும்போது அதனைத் திரும்பப் பெற்றார். 1936இல் தமிழகம் வந்தார். காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியருடன் தரையில் அமர்ந்து ஒரு வாரம் உபநிடதமும் மறுவாரம் நற்செய்தி நூலும் படித்தவர் அவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை – இராமநாதபுரம் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார்.

அவர் சென்னைக்கு வந்தபோது நகரின் மேற்குப் புறநகர் உருமாறிக்கொண்டிருந்தது. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடிய ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மக்கள் பூந்தமல்லி வரையிலும் குடியேறினர். அவர்களோடு ஆலயங்களும் பள்ளிவாசல்களும் வந்தன. பகுத்தறிவுப் பிரசாரமும் வந்தது. திருச்சபை தன் உறுப்பினர்க்கு மட்டுமான சங்கமாகச் சுருங்கிவிடலாகாது, அது நிற்கும் ஊர் முழுமைக்கும் உரியதாக வேண்டும் என்பதே நியூபிகின் தம் சபையாரிடம் வலியுறுத்திய கருத்து.

அவர் பேராயராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் பெரியார் உயிருடன் இருந்தார் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். பெரியாரின் இறைமறுப்பு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. காசியின் சத்திரத்தில் மறுக்கப்பட்ட உணவும், வைக்கத்தின் தடுக்கப்பட்ட தெருக்களும் அதற்குப் பின்னே நின்றன. சாதியைப் படைத்தவன் கடவுள் என்றால் அக்கடவுளே வேண்டாம் என்னும் சினம் அது. ஆகவேதான் கடவுளை மறுத்த அவரே 1947இல் சாதி இழிவு நீங்க இஸ்லாத்தை மருந்தாகப் பரிந்துரைத்தார். 1973 டிசம்பர் 24 அன்று அவர் உயிர் பிரிந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில். இவ்வகை மறுப்பாளன் சமயவாதியின் வீட்டு வாசலில் நின்று கணக்குக் கேட்பவன். கதவை அடைத்துக்கொள்பவன் அல்லன்.

1974இல் ஓய்வுபெற்ற நியூபிகின் மனைவியுடன் தரைவழியே பயணம் செய்து இங்கிலாந்தை அடைந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் பர்மிங்ஹாம் நகரின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரேயிருந்த சிறிய சபையின் பொறுப்பை ஏற்றார். வீடு வீடாகச் சென்றபோது ஆசியக் குடும்பத்தினர் அவரை உள்ளே அழைத்தனர்; அவருடைய சொந்த இனத்தவரோ கதவைச் சாத்தினர். எதிர்ப்பைக் காட்டிலும் குளிர்ந்த அலட்சியமே தாங்கற்கரியது என்று அவர் உணர்ந்தார். ஏழ்மை மிக்க சென்னைச் சேரிகளில் தாம் கண்ட நம்பிக்கை, செல்வம் மிக்க அந்நாட்டில் மறைந்துவிட்டதே என்று வியந்தார்.

இந்த இரண்டாம் வகை மறுப்பைப் பற்றி அவர் எழுதியவற்றுள் முதன்மையானது, ஐயம் என்பதும் ஒரு நம்பிக்கையின் மீதே நிற்கிறது என்பதாகும். ஒன்றை ஐயுறுபவன் ஐயுறாத வேறொன்றின் மீது காலூன்றியே ஐயுறுகிறான். அறிவியலாரும் உலகம் ஒழுங்குடையது என்ற நிரூபிக்கப்படாத நம்பிக்கையோடுதான் ஆய்வைத் தொடங்குகின்றனர். மைக்கேல் போலன்யி என்ற வேதியியல் அறிஞரிடமிருந்து அவர் பெற்ற கருத்து இது.

கஸ்ஸாலி இமாமை (ரஹ்) அறிந்தவர்க்கு இது புதிதன்று. புலன்களையும் பின்னர் அறிவின் அடிப்படைகளையும் ஐயுற்று ஏறத்தாழ இரு மாதம் தவித்த இமாமவர்கள், அந்நோய் தீர்ந்தது சான்றுகளைக் கோத்ததனால் அன்று, இறைவன் உள்ளத்தில் இட்ட ஒளியினால் என்று ‘அல்முன்கித் மினழ் ழலால்’ நூலில் வரைந்துள்ளார்கள். காலமே எங்களை அழிக்கிறது என்று கூறிய தஹ்ரிய்யாக்களைக் குறித்து ஜாஸியா அத்தியாயத்தின் 24ஆம் வசனம் பேசுவதும் கருதத்தக்கது. அவர்களிடம் இருப்பது அறிவன்று, ஊகமே என்கிறது திருமறை.

எனினும் வாதத்தால் வென்றுவிடலாம் என்று நியூபிகின் எண்ணவில்லை. நற்செய்தியை நம்பி வாழும் ஒரு சமூகமே அதற்கு உரிய விளக்கம் என்றார். கருத்து உயர்ந்ததே. ஆனால் இறந்த பின்னும் சாதிக்கொரு கல்லறை கேட்கும் தமிழகச் சபைகளை அதே அளவுகோலால் அளந்தால் என்ன எஞ்சும்? நம்மை அளந்தால் மட்டும் முழுமையாகத் தேறுவோமா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேரும் நாம், பெண் கொடுக்கும் வேளையில் குடும்பப் பிரிவுகளை விசாரிக்கிறோம். பெரியாரின் வழி வந்தவனுக்குப் படைப்பாளன் உண்டு என்ற சான்றைக் காட்டுமுன் இதற்கு விடை சொல்ல வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இன்று எழுந்துள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞனோ பெரும்பாலும் கேள்வியே கேட்பதில்லை. வின்சன் கிரீன் கதவு அது. அவனிடம் சாதிக் கொடுமை பற்றிப் பேசுவதும் பயனற்றது, தஹ்ரிய்யாக்களுக்கான மறுப்புரையை ஒப்பிப்பதும் பயனற்றது. அவன் எதை நம்பி வாழ்கிறான் என்பதை அவனே காணும்படி செய்ய வேண்டும்.

நியூபிகின் மறைந்த 1998ஆம் ஆண்டில், லாமின் சன்னே, ஜென்னி டெய்லர் ஆகியோருடன் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பிரிட்டனில் கிறிஸ்தவமும் இஸ்லாமும் என்பது அதன் பொருள். மதச்சார்பற்ற பொதுவெளி நடுநிலையானது என்ற எண்ணம் பொய் என்றும், அதனை ஏற்க மறுக்கும் முஸ்லிம்களிடம் கிறிஸ்தவர்கள் கற்க வேண்டியது உண்டு என்றும் அவர் கருதினார். இது நேர்மையான ஒப்புதல். ஆயினும் மாற்றுக் கருத்தாளனின் உரிமைக்கு அடித்தளம் சிலுவையிலேயே உள்ளது என்ற அவரது முடிபோடு நமக்கு உடன்பாடில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்னும் விதி பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அவர் பேராயராக இருந்த இராமநாதபுரச் சீமையிலேயே கீழக்கரை இருக்கிறது. வாளேந்திய படையின்றி, கடல்வழி வந்த வணிகரால் இஸ்லாம் வேரூன்றிய கரை அது.