உயிலில் கிணற்றையும் பாதையையும் மறக்கலாகாது

அம்பத்தூரில் 1964-ஆம் ஆண்டு தொழிற்பேட்டை அமைந்தபோது சுற்றிலும் ஏரிப்பாசன வயல்கள் இருந்தன. இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் நிலத்தை ஏக்கரில் பேசுவோர் குறைந்து, சென்ட்டில் பேசுவோரே மிகுந்துள்ளனர். திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கம் எஞ்சியுள்ள நெல்வயலுக்கும் கீரைத் தோட்டத்திற்கும் விலை ஏற ஏற, உரியவர் காலமானபின் எழும் பாகத் தகராறும் ஏறுகிறது. கையளவு நிலம் உள்ளவரும் உயில் எழுதி வைப்பது அவசியம்.

எழுதாமல் விட்டதன் விளைவுக்கு ஒரு தமிழக வழக்கே சான்று. 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கிய ஒருவர், 1949-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு ஒரே மகள். அவரும் 1967-இல் மக்கட்பேறின்றிக் காலமானார். நிலம் மகளைச் சேர்ந்ததா, சகோதரரின் மகனைச் சேர்ந்ததா என்று வழக்கு எழுந்தது. விசாரணை நீதிமன்றம் 1994-லும், உயர் நீதிமன்றம் 2009-லும் சகோதரர் மகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றம் 2022-இல், ‘அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி’ என்ற அவ்வழக்கில், தந்தையின் சுயார்ஜித நிலம் மகளையே சேர்ந்தது என்றது. ஒரு தாளில் எழுதியிருக்கக்கூடியதைத் தெளிவாக்க 73 ஆண்டுகள் ஆயின!

உயில் இல்லாவிட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பாகம் உண்டு. அது நியாயம்தான். ஆனால் ஒன்றரை ஏக்கரை நால்வர் பிரிக்கும்போது கிணறு யார் பங்கில் விழும் என்று சட்டம் சொல்வதில்லை. சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே உயிலில் “நிலத்தைச் சமமாகப் பிரித்துக் கொள்ளவும்” என்று மட்டும் எழுதினால் போதாது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கவேண்டும். கிணறு பொதுவானால் யார் எந்த நாளில் இறைப்பது, மோட்டாரைப் பழுது பார்க்கும் செலவு யாருடையது, மின் இணைப்பு யார் பெயருக்கு மாறவேண்டும் என்பவற்றையும் எழுதலாம். உள்பாகம் பெறுபவருக்கு வண்டிப்பாதை எத்தனை அடி, எந்த வரப்பை ஒட்டி என்பதை அவசியம் எழுதவேண்டும். பாதையில்லாத நிலத்தை வாங்குவோரும் இல்லை, அதில் உழவு செய்வதும் எளிதன்று. கூட்டுறவுச் சங்கக் கடன் பாக்கியிருந்தால் அதைச் செலுத்த வேண்டியவரையும் குறிப்பது நன்று.

தமக்கு உரியதை மட்டுமே உயிலில் எழுதமுடியும். பூர்வீக நிலமாயின் தம் பங்கை மட்டும் எழுதலாம். பெண்களுக்கும் அதில் பிறப்பால் பங்கு உண்டென்பதைத் தமிழகச் சட்டம் 1989-லும் மத்தியச் சட்டம் 2005-லும் ஏற்றன. முழுவதையும் மகன்களுக்கு எழுதிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. குத்தகைக்கு உழும் கோயில் நிலத்தைச் சொந்த நிலம்போல் எழுத இயலாது. பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும். முஸ்லிம்களுக்கு விதி வேறு: வாரிசல்லாதவருக்கு மூன்றிலொரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

எழுதும் முறை எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருக்கவேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ இடலாம். அதைக் கண்ட இருவர் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நல்லது. வழக்கு வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் சொல்லவேண்டியிருக்கும். எனவே இளைய வயதினரைத் தேர்ந்தெடுக்கவும். வயோதிகர், நோயாளி எழுதும்போது மருத்துவர் சான்றும் பெற்று வைக்கலாம்.

தம் பெயரில் நிலமுள்ள பெண்களும் எழுதவேண்டும். கணவரும் மக்களும் இல்லாத பெண் தாமே வாங்கிய நிலம், உயில் இல்லையேல் கணவரின் வாரிசுகளுக்கே போகிறது. பெற்றோருக்கு அதன் பிறகே.

எழுதிய பின்னும் நிலத்தை விற்கலாம், உயிலை மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் தொலைந்துபோகும் அச்சமில்லை; முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. பரணில் பழைய ரசீதுகளோடு வைத்துக் கரையானுக்கு இரையாக்குவோர் உண்டு. வைத்திருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடமேனும் சொல்லிவைக்கவேண்டும்.